கோமதியின் போனைச் சுத்தம் செய்த கதை

பையை மேலே வைக்கச் சொல்லிவிட்டுப் போகிறார் கண்டக்டர். வைக்கமாட்டேன் தம்பி. உள்ளே லேப்டாப் இருக்கிறது. இந்தக் குலுக்கலில் மேலேயிருந்து விழுந்தால் யார் பதில் சொல்வது? மடியிலேயே இருக்கட்டும். உங்களுக்கு இடிக்கிறதா? இடித்தால் சொல்லுங்கள், கொஞ்சம் சாய்த்துக்கொள்கிறேன்.

என்னுடையது இல்லை, மகனுடைய பழைய லேப்டாப். இந்த வயதில் இதைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக எங்கே போகிறார் என்றுதானே பார்க்கிறீர்கள்? பெண்டாட்டியைப் பார்க்கப் போகிறேன். சிரிக்காதீர்கள். ஆறுமுகநேரி தாண்டி ஒரு பெண்கள் கல்லூரி. அதன் விடுதியில் வார்டனாக இருக்கிறாள். ஐப்பசியில் போனவள். இப்போது மாசி. இன்றைக்கு எப்படியாவது வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். போன தடவையும் இப்படித்தான் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். அதற்கு முந்தின தடவையும்.

எல்லாம் ஒரு போனால் வந்தது. போனால்கூட இல்லை, போனுக்குள் இருந்த ஒரு ஆப்பால். நீங்கள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். வேறு யாரும் கேட்பதில்லை. ஊரில் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள், ‘அக்கா எப்போ வாறாங்க?’ என்று. பதில் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது.

நான் நகராட்சியில் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். தளவாய் என்றால் கோவில்பட்டியில் ஓட்டல்காரர்கள் இன்னும் எழுந்து நிற்பார்கள். அந்தக் காலத்தில் நான் உள்ளே நுழைந்தால் முன்பக்கம் பார்க்கமாட்டேன், நேரே அடுப்படி. மூடி போட்டிருக்கிற சட்டியைத்தான் முதலில் திறப்பேன். மூடி போட்டிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பழைய குருமா, புளித்த மாவு, எதுவானாலும் வெளியே கொட்டு, பினாயிலை ஊற்று. என் சர்வீஸ் முழுக்க அதுதான் வேலை. திறப்பது, பார்ப்பது, வேண்டாததை எடுத்துப் போடுவது. அப்படியே கை பழகிவிட்டது. வீட்டிலும் அப்படித்தான். அரிசி டப்பா, மருந்து டப்பா, கோமதியின் பீரோ, எல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்துவிடுவேன். கோமதி ஒன்றும் சொல்லமாட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒன்றும் சொன்னதில்லை. அவளிடம் எனக்குப் பிடித்த குணமே அதுதான்.

ஓய்வு பெற்ற பிறகு திறந்து பார்க்க வீட்டில் அவ்வளவு டப்பா இல்லை தம்பி. அப்போதுதான் போன் வந்தது. மகன் இசக்கிராஜா ஓசூரில் கம்பெனியில் இருக்கிறான். முந்தின வருஷத் தீபாவளிக்கு வந்தபோது அம்மாவுக்கு ஒரு புதுப் போன் வாங்கிக் கொடுத்தான். போன் என்பது ஓட்டல் அடுப்படியைவிட மோசம். நம்மைக் கேட்காமல் எத்தனை ஆப், எத்தனை படம். காலை வணக்கம் படம் மட்டும் கூடை கூடையாக அள்ளலாம். அதனால் வீட்டில் ஒரு வழக்கம் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணெய்க் குளியல் முடிந்து இட்லி சாப்பிட்டதும் போன்களைத் தட்டில் வைத்துவிட வேண்டும். வெற்றிலை பாக்கு வைக்கிற எவர்சில்வர் தட்டு. என்னுடையது, அவளுடையது, வீட்டுக்கு யாராவது வந்திருந்தால் அவர்களுடையதும். வந்தவர்கள் முதலில் முழிப்பார்கள். பிறகு தந்துவிடுவார்கள். சில பேர் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்திவிட்டார்கள், அது அவரவர் வசதி.

கோமதி அவள் போனைத் திறந்து தருவாள். பாஸ்வேர்டு மட்டும் சொல்லமாட்டாள். நம்பர் போடு, லேசாக இருக்கும் என்றேன். எழுத்தில்தான் போட்டாள். சரி, எப்படியும் திறந்துதானே தருகிறாள். நான் வாங்கி எல்லாவற்றையும் சுத்தம் செய்வேன். அவள் கூடப் படித்தவர்கள் ஒரு குரூப் வைத்திருந்தார்கள், நாள் முழுக்க டிங் டிங் என்று சத்தம், எடுத்துவிட்டேன். அவள் தங்கச்சி பேசிப் பேசி அனுப்புவது, ஒவ்வொன்றும் அரைமணி நேரம், மெமரியை அடைக்கிறது, எடுத்துவிட்டேன். எடுப்பதற்கு முன்னால் கேட்டுப் பார்த்துவிடுவேன், முக்கியமான விஷயம் எதுவும் இருந்துவிடக் கூடாது பாருங்கள். என்னைப் பற்றித்தான் பாதி. அதை விடுங்கள்.

அந்த ஐப்பசி ஞாயிறன்று மழை. கரண்ட் இருந்தது. ஒரு வீடியோ பார்த்தேன், போனில் மேலாகத் துடைத்தால் போதாது, வேரோடு எடுக்க வேண்டும் என்று ஒருத்தர் சொல்லிக்கொடுத்தார். போனைக் கேபிள் போட்டு லேப்டாப்பில் மாட்ட வேண்டும். போனுக்குள் சாதாரணமாகத் திறக்காத ஒரு வாசல் இருக்கிறது, செட்டிங்கில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தட்டினால் அது திறக்கும். திறந்ததும் லேப்டாப்பில் முழுப் பட்டியலும் வந்துவிடும். தம்பி, அன்றைக்குத்தான் தெரிந்தது. முகப்பில் தெரிவது கொஞ்சம். உள்ளே ஒரு ஊரே இருக்கிறது. பேர் தெரியாத ஆப், படம் இல்லாத ஆப், யாரும் ஒரு நாளும் திறக்காத ஆப். அதைப் பார்த்ததும் எனக்கு என் பழைய வேலை திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். முகப்பில் படம் இருக்கிறதா? இல்லை. கோமதி என்றைக்காவது அதைத் தொட்டுத் திறந்திருக்கிறாளா? இல்லை. அப்படியென்றால் அது சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறது. எடு. ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே போனேன். அதில் ஒன்றின் பேர் லத்தீன் என்று முடிந்தது. எங்கள் வீட்டில் யார் லத்தீன் பேசுகிறார்கள்? அதையும் எடுத்தேன். எடுத்து முடித்ததும், வீடியோவில் சொன்னபடியே அந்த வாசலைப் பத்திரமாக மூடினேன். பாதியில் விட்டுவிட்டுப் போகிறவன் இல்லை நான். கடைசியாகப் போனை ஒரு தடவை அணைத்துப் போட்டேன்.

போன் வந்தது. ‘பாஸ்வேர்டு போடு’ என்று கேட்டது. கோமதியைக் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கட்டத்தைத் தொட்டாள். ஒன்றும் வரவில்லை. திரும்பத் தொட்டாள். எழுத்துகள் வரிசையாக மேலே வருமே, அது வரவேயில்லை. வெறும் கட்டம், உள்ளே ஒரு கோடு மட்டும் மின்னி மின்னி நிற்கிறது. விரலை வைத்துத் திறக்கலாமே என்றால், அணைத்துப் போட்டால் முதல் தடவை பாஸ்வேர்டுதான் கேட்குமாம்.

நான் எடுத்த அந்த லத்தீன்தான் கீபோர்டு தம்பி. அந்த எழுத்துப் பலகையே ஒரு ஆப்தானாம். அதற்குப் படம் கிடையாது. அதை யாரும் தனியாகத் திறப்பதில்லை, மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் அதுதான் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? தெரிகிற மாதிரி அது எதுவும் செய்யவில்லையே.

கோமதி போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. நாளைக்குச் சாயந்தரத்துக்குள் ஒரு இடத்துக்குப் பதில் அனுப்ப வேண்டும், போகாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றாள். என்ன இடம், எதைக் கொடுப்பார்கள் என்று கேட்டேன். சொல்லவில்லை. என் போனிலிருந்து அனுப்பு என்றேன். அந்த நம்பர் அவள் போனில்தான் இருக்கிறதாம். சிம்மைக் கழற்றி என் போனில் போட்டுப் பார்த்தோம், நம்பர் போனிலேயே தங்கிவிட்டது. ஏதாவது சீட்டாக இருக்கும், சேலை குலுக்கலாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பெண்களுக்கு வேறு என்ன அவசரம்?

மறுநாள் காலையில் பஜாரில் ஒரு செல்போன் கடைக்குப் போனோம். அங்கிருந்தவர் பார்த்தார். எல்லாவற்றையும் அழித்துவிட்டால் புதுப் போன் மாதிரி வந்துவிடும், கீபோர்டும் வந்துவிடும், பழையது எதுவும் இருக்காது என்றார். நல்லதாகப் போயிற்று, அழியுங்கள் என்றேன். எனக்கு அதில் சந்தோஷம்தான், உண்மையைச் சொல்கிறேன். அவர் பட்டனை அழுத்தப் போனார். கோமதி மேஜைக்கு மேலே கையை நீட்டி அவர் கையிலிருந்து போனை எடுத்துக்கொண்டாள். பிடுங்கவில்லை. எடுத்துக்கொண்டாள். எத்தனையோ வருஷத்தில் யார் கையிலிருந்தும் அவள் எதையும் எடுத்து நான் பார்த்ததில்லை.

“அழிக்க வேண்டாம்ணே” என்று அவரிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

கடை வாசலில் நின்று இசக்கிக்கு அடித்தேன். அவன் என்னைப் பேசவிடவில்லை, அம்மாவிடம் கொடு என்றான். அம்மாவும் மகனும் என்னமோ பேசிக்கொண்டார்கள். பிறகுதான் விஷயம் புரிந்தது. கம்ப்யூட்டர் கீபோர்டு இருக்கிறதல்லவா, அதை ஒரு சின்னக் கனெக்டர் வைத்துப் போனிலேயே சொருகலாமாம். போன் அதை ஏற்றுக்கொள்ளுமாம். எனக்கு நம்பிக்கையில்லை. இருந்தாலும் எங்கள் தெருமுனையில் செல்வின் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், அங்கே போனோம். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கீபோர்டைக் கழற்றிக் கொடுத்தார். கனெக்டரும் அவரிடமே இருந்தது. மணி மூன்று இருக்கும். கோமதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது எனக்குத் தெரியும்.

சொருகினேன். நான்தான் சொருகினேன். பக்கத்தில் நின்று, ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகத் தேடு, அவசரப்படாதே, ஏ எங்கே இருக்கிறது என்று நான் காட்டுகிறேன் என்றேன். அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்தினாள். பத்து விரலையும் பலகைமேல் வைத்தாள். வைத்து, பலகையைப் பார்க்காமல் நேரே சுவரைப் பார்த்தாள். தம்பி, ஓட்டுமேல் கோடைமழை விழுமே, அப்படி ஒரு சத்தம். ஒரு நொடி. போனில் புள்ளி புள்ளியாக ஓடியது, திறந்துவிட்டது. எந்த எழுத்தை அடித்தாள் என்று விரலைப் பார்த்துப் பிடித்துவிடலாம் என்று குனிந்தேன். என் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

செல்வின் சிரித்துவிட்டார். “அக்கா டைப்ரைட்டிங்கா?” என்று கேட்டார்.

“ஹையர். தமிழும் இங்கிலீஷும்” என்றாள் கோமதி.

டைப்ரைட்டிங்கில் பெரிய பரீட்சை அதுதானாம், சங்கரன்கோவிலில் கல்யாணத்துக்கு முன்னால் படித்துப் பாஸ் செய்தாளாம். எனக்கு இது தெரியாது தம்பி. ஒருத்தரும் சொல்லவில்லை. பெண் பார்க்கப் போனபோது சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று எங்கள் அம்மா கேட்டாள், டைப்ரைட்டிங் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, சொல்லியிருக்கலாமே? இத்தனை வருஷம் ஒரு வீட்டில் இருந்துகொண்டு ஒரு விஷயத்தை இப்படி மூடி வைக்கலாமா? அதைத்தான் அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். நான் திறந்து பார்க்காத சட்டியா அந்த வீட்டில்?

அந்தப் பதிலையும் அங்கேயே, அதே பலகையில் அடித்தாள். போன் ஸ்கிரீன் சின்னது, ஆனாலும் என் கண் நல்ல கண். ‘வார்டன் பணிக்குச் சம்மதம். புதன்கிழமை காலை வந்து சேர்ந்துவிடுகிறேன். ச. கோமதி.’ முன்னெழுத்து அவள் அப்பா பெயருடையது. கல்யாணத்துக்குப் பிறகு யாரும் அதைப் போட்டு நான் பார்த்ததில்லை. அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து ‘சரிங்க மேடம்’ என்று வந்தது.

மேடமாம்.

பிறகு கீபோர்டு ஆப்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமே. செல்வின் இன்னொரு கீபோர்டை அவர் கம்ப்யூட்டரில் மாட்டினார். இசக்கி போனில் வரி வரியாகச் சொன்னான், கோமதி அதைக் கம்ப்யூட்டரில் அடித்தாள். நான் கேபிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிரிக்காதீர்கள், கேபிள் அசைந்தால் எல்லாம் பாழ். அப்போது இசக்கி ஒன்று சொன்னான். “அது எங்கயும் போகலம்மா. உள்ளேதான் இருக்கு. இந்த ஆளுக்கு இது வேண்டாம்னு மட்டும் குறிச்சு வச்சிருக்கு. நீ வேணும்னு சொன்னா வந்துரும்.” அவள் ஒரு வரி அடித்தாள், வந்துவிட்டது. போனில் எழுத்தெல்லாம் பழையபடி எழும்பி வந்தது. அவ்வளவுதான் வேலை. நான் எடுத்த மற்றதையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டாள். குரூப்பும் தங்கச்சி பேச்சும் மட்டும் வரவில்லை, அதெல்லாம் வேற மாதிரி அழிகிறதாம், அது திரும்பாதாம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன். கத்தவில்லை. உனக்கு என்ன குறை வைத்தேன் என்று கேட்டேன். பென்ஷன் வருகிறது, மகன் அனுப்புகிறான், இந்த வயதில் வேலை எதற்கு?

“குறை ஒண்ணுமில்லீங்க” என்றாள். கொஞ்ச தூரம் நடந்தாள். “அங்க தனியா ஒரு ரூம் குடுக்காங்க. உள்ளேருந்து தாழ்ப்பாள் போட்டுக்கிடலாமாம்.”

இது ஒரு காரணமா? எங்கள் வீட்டிலும் எல்லா ரூமுக்கும் தாழ்ப்பாள் இருக்கிறது. ஒரு நாளும் போடாததால் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது, அவ்வளவுதான். மறுநாள் காலையிலேயே நான் ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட்டு, இழுத்து இழுத்துப் பழக்கி, கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தாள். நல்லா இருக்கு என்றாள். புதன்கிழமை காலை பஸ்ஸில் போய்விட்டாள். நாலு நாளைக்கு மாவு அரைத்து வைத்திருந்தாள். அது தீர்ந்து எத்தனையோ காலம் ஆகிறது. ரசம் வைக்கப் பழகிவிட்டேன். ரசம்தான். தினமும் ரசம்.

நான் விடவில்லை, இப்படி வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறேன். விடுதி கேட்டுக்கு உள்ளே ஒரு பெஞ்சு வரைக்கும் ஆண்கள் வரலாம். அங்கே வந்து உட்காருவாள். டீ கொண்டு வருவாள். உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறாள், கடல்காற்று போலிருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் வந்துவிடும், மேடம் இது, மேடம் அது என்று. அந்த விடுதியில் ஒரு விதி, ராத்திரி பிள்ளைகள் எல்லாரும் போனை வார்டனிடம் ஒப்படைத்துவிட்டுக் காலையில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதைக் கேட்டதும் எனக்கு ஆசையாக இருந்தது. அத்தனை போனும் ஒரே அலமாரியில். நான் ஞாயிறுதோறும் வந்து சுத்தம் செய்து தருகிறேன், ஒரு பைசா வேண்டாம் என்று சொன்னேன். அதற்குத்தான் இந்த லேப்டாப்.

அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். “நானே அதைத் திறக்கறதில்ல” என்றாள். “பூட்டி வைக்கேன். காலைல குடுக்கேன்.”

உன் போனையாவது கொடு, ஐப்பசிக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லையே, குப்பை சேர்ந்திருக்கும் என்றேன். சுத்தமா இருக்குங்க என்று மடியிலேயே வைத்துக்கொண்டாள். போன தடவையும் அப்படித்தான். ஆனாலும் தூக்கிக்கொண்டு வருகிறேன். இது இல்லாமல் வெறும் கையோடு போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து என்ன பேசுவது? சொல்லுங்கள். வீட்டில் நாங்கள் அப்படிப் பேசிக்கொண்டதில்லை.

இது முக்காணியா? அப்படியென்றால் பாலம் வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச தூரம்தான். முழங்கால் பிடித்துக்கொண்டது, எழுந்திருக்க நேரமாகும்.

தம்பி, நான் இறங்குவதற்கு முன்னால் ஒரு உதவி செய்வீர்களா? என் நம்பரைச் சொல்கிறேன், உங்கள் போனிலிருந்து ஒரு தடவை அடித்துப் பாருங்கள். ஒரு சந்தேகம், அவ்வளவுதான். என் போனையும் நான்தானே சுத்தம் செய்கிறேன். நான் கூப்பிட்டால் கோமதிக்குப் போகிறது. எடுக்கிறாள், சாப்டீங்களா என்று கேட்கிறாள், பிள்ளைக நிக்காங்க, வைக்கட்டுமா என்று வைத்துவிடுகிறாள். இங்கிருந்து போவதில் குறையில்லை. அங்கிருந்துதான் ஒன்றும் வருவதில்லை. ஐப்பசியிலிருந்து ஒரு தடவைகூட வரவில்லை. வெளியிலிருந்து வருகிறதை வாங்கித் தருவதற்கு உள்ளே ஏதோ ஒரு ஆப் இருக்கும், படம் இல்லாத ஆப், அதைத் தெரியாமல் எடுத்துவிட்டேன் போலிருக்கிறது. இசக்கி பேசுகிறானே என்கிறீர்களா? அவன் வாட்ஸ்அப்பில் கூப்பிடுகிறவன், அது வேற வழி. அவனிடம் சொன்னால், போன்ல ஒண்ணும் இல்லப்பா என்கிறான். அவனுக்கு என்ன தெரியும், ஓசூரில் இருந்துகொண்டு.

அடித்தீர்களா?

ம்.

அடிக்கிறதே. நல்லாத்தான் அடிக்கிறது. உங்கள் நம்பர்கூடத் தெளிவாக வந்திருக்கிறது. சத்தத்திலும் குறையில்லை, முன்சீட்டு அம்மா திரும்பிப் பார்க்கிறார்.

இல்லை தம்பி, கட் பண்ணாதீர்கள். ஆறுமுகநேரி இன்னும் வரவில்லை. கொஞ்ச நேரம் அடிக்கட்டும்.